பிக்கோ

பக்கவாதம் வந்து விழுந்த என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியபோது ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. அது என் பெயர் இல்லை. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் அக்சாவின் பெயரும் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷர், கர்த்தரின் பெயரையாவது சொல்லியிருக்கலாம். அதுவும் இல்லை. "பிக்கோ" என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் பிக்கோ. தலை வலிக்கிறதா என்று கேட்டாலும் பிக்கோ. பேச்சு இருக்கும் இடம் மூளையில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வரும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதில் பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார். நான் பொருள் இருக்கிறது என்ற பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டேன். ஏனென்றால் பிக்கோ என் தொழில்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கடை ஒரே அறை. நடுவில் ஒரு திரைச்சீலை. முன்பாதியில் அவர் ஆம்ப்ளிஃபயர், மைக் செட், மிக்ஸர் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். பின்பாதியில் நான் சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரத்துக்குப் பிக்கோ அடித்துக் கொடுப்பேன். வாசல் போர்டில் 'ஞானராஜ் எலக்ட்ரானிக்ஸ்' என்று மட்டும் இருக்கும். கீழே ஒரு வரி 'பிக்கோ, ஃபால்ஸ்' என்று எழுதச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். போர்டில் இடம் இல்லை என்பார். போர்டில் ஒரு மாடே படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. அவர் மனதில்தான் இல்லை. என் வேலையை அவர் அதன் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. யாராவது கேட்டால், "உள்ள ஓரம் அடிச்சிட்டு இருக்கா" என்பார்.

அந்த வாயிலிருந்து பிக்கோ என்று வந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் விழுந்த அன்று என் மெஷினில் சேத்தூர் பெத்தம்மாள் மதினியின் சேலை கிடந்தது. அரக்கு நிறத்தில் மயில்கழுத்துப் பார்டர். அவர்கள் ஊர்க் காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வருஷா வருஷம் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மிப்பாட்டு எடுத்துக் கொடுப்பது மதினிதான். அன்றைக்குக் கட்டுவதற்கென்று எடுத்த சேலை. அதே பொங்கலுக்கு மைக் செட் கட்டப்போகிற செட்டியார்பட்டி ராக்கப்பனின் ஆம்ப்ளிஃபயர் அவருடைய மேஜையில் இருந்தது. காலையிலிருந்தே அவர் சரியில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். காப்பித் தம்ளரை வைத்த இடத்தில் தேடாமல் வேறெங்கோ தடவினார். கண் சரியாகத் தெரியவில்லையோ என்று கேட்டதற்கு, வேலையைப் பார் என்றார். பெட்டியின் மூடியைத் திருகி முடித்துவிட்டு மீட்டரை எடுக்க எழுந்தவர் அப்படியே சரிந்தார். திரைச்சீலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து விழுந்தார்.

அங்கிருந்து ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் தம்பி ஜெர்வின் ராஜபாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவன்தான் ஓடியாடி எல்லாம் பார்த்தான். கடையைப் பூட்டிவிட்டு வரவும் அவனைத்தான் அனுப்பினேன்.

பிக்கோ என்ற சொல் வார்டு முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் மகனைப் போட்டிருந்த ஞானபாக்கியம் அக்கா, பொண்டாட்டி தொழிலை இப்படி நெஞ்சில் வைத்திருக்கிற ஆம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நர்ஸ்களும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துப் போனார்கள். நானும் குனிந்து சிரித்துக்கொண்டேன். புருஷன் பாதி உடம்பு செத்துக் கிடக்கையில் சிரிக்கிறாளே என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான். அது இப்படி வந்து கிடைத்ததே என்று அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

பெத்தம்மாள் மதினியின் சேலையை முடிக்கச் சொல்கிறார் என்று நானே தீர்மானித்தேன். வாக்குக் கொடுத்த வேலை பாதியில் கிடக்கிறதே என்று தவிக்கிறார், பாவம். பார்க்க வந்த அடுத்த வீட்டுப் பெண்ணைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு ஊருக்குப் போய் மீதி ஓரத்தை அடித்தேன். நூல் ஒரு இடத்தில்கூட அறவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து அவர் முன்னால் விரித்தேன்.

"பாருங்க, பிக்கோ முடிச்சிட்டேன்" என்றேன்.

அவர் சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கையால் சேலையை ஒரு தள்ளுத் தள்ளினார். அது கட்டிலுக்குக் கீழே போய் விழுந்தது. "பிக்கோ. பிக்கோ" என்றார். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. நான் எடுத்து உதறி மறுபடி மடியில் வைத்ததும், இடது கை ஆள்காட்டி விரலால் அந்தத் துணிமேல் ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் இன்னொரு வட்டம். பிறகு விரலை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் இரண்டு வட்டம். அதற்குமேல் போடவில்லை.

"ரெட்டைச் சுழி போடுறாரு. தலையில ரெட்டைச் சுழின்னா ரெண்டு பொண்டாட்டியாம்ல" என்று ஞானபாக்கியம் அக்கா கேலி செய்தார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிக்கோ பிக்கோ என்று கேட்டு, செய்து கொண்டுவந்தால் காலடியில் தள்ளுகிறாரே என்று மனது விட்டுப்போயிற்று.

பொங்கலன்று காலை பெத்தம்மாள் மதினியே சேலையை வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூவும் பழமும் வாங்கிவந்திருந்தார். அவரைப் பார்த்த மாத்திரத்தில் என் கணவர் எழ முயன்றார். கட்டிலே ஆடியது. மதினி பயந்துபோய்க் குனிய, இவர் மதினியின் வலது மணிக்கட்டை இடது கையால் எட்டிப் பிடித்தார். விடவே இல்லை. "பிக்கோ, பிக்கோ, பிக்கோ" என்று கண்ணீர் வழியச் சொன்னார். நானும் நர்ஸும் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் மதினியின் கையை எடுக்க வேண்டியிருந்தது.

"ஏட்டி, படுத்த படுக்கையிலயும் என் சேலைய நெனச்சிட்டுக் கெடக்காரே இந்த மனுசன்" என்று மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இன்னைக்கு ஆத்தாளுக்கு முன்னால அவியளுக்கும் சேத்துத்தான் பாடப்போறேன்." சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு என் கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எத்தனை கூப்பிட்டும் திரும்பவில்லை.

மத்தியானம் மாற்று வேட்டியும் போர்வையும் எடுக்க ஊருக்குப் போனேன். கடையைத் திறந்தால் கிழிந்த திரைச்சீலை அப்படியே கிடந்தது. சேலையை முடிக்க வந்த அன்று அவசரத்தில் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; இப்போது பார்த்தால் மேஜையில் ராக்கப்பனின் ஆம்ப்ளிஃபயரைக் காணவில்லை. மேஜையை ஒதுங்கவைக்கலாம் என்று கையை வைத்தேன்.

அவருடைய ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் வேலையில் கண்டன்சர் என்று ஒரு பொருள் உண்டு, துளியூண்டு மின்சாரத்தைப் பிடித்துவைத்து விடுகிற சாமான். அதை அளக்க பெரிய அளவு மைக்ரோ, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோ, நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிக்கோ. ஊரில் மற்ற மெக்கானிக்குகள் பாயிண்ட் ஒன், பாயிண்ட் நாட் ஒன் என்று மைக்ரோவில் புள்ளி வைத்துப் பேசுவார்கள். இவர் எல்லாவற்றையும் பிக்கோவுக்கு மாற்றித்தான் பேசுவார், எழுதுவார். மற்றவர்களுக்குப் பாயிண்ட் ஒன், இவருக்கு ஒரு லட்சம் பிக்கோ. சாமான் வாங்கப் போனால் கடைக்காரர்கள் லட்சாதிபதி வந்துட்டாரு என்று கிண்டல் செய்வார்கள்.

அதற்கு அவர் சொல்லும் காரணத்தைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "புள்ளிய நம்பக்கூடாதுய்யா. ஈ உக்காந்தாலும் புள்ளி, மை தெறிச்சாலும் புள்ளி. அது தானா விழும், தானா அழியும். சுழி அப்படி இல்ல. ஒருத்தன் கை போட்டாத்தான் சுழி" என்பார். அதனால் மேஜைமேல் வரிசையாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களின் மூடிகளில் ஒரு புள்ளிகூட இருக்காது. பூஜ்யத்தை அவர் சுழி என்றுதான் சொல்வார்; எல்லாம் எண்ணும் சுழியுமாக இருக்கும்.

அந்த டப்பாக்களில் ஒன்று திறந்து கிடந்தது. மூடியில் 220000 என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்து டப்பா மூடியபடியே இருந்தது. அதில் 2200.

கழற்றின பழைய சாமானை வேலை முடிகிறவரை ஒரு சோடா மூடியில் போட்டு வைப்பது அவர் வழக்கம். சோடா மூடியில் நீல நிறத்தில் காசு மாதிரித் தட்டையாக ஒன்று கருகிக் கிடந்தது. 222 என்று அதன்மேல் அச்சடித்திருந்தது. அதில் கடைசி எண் எத்தனை சுழி என்பதற்கான கணக்கு. 22 போட்டு அதற்குப் பின்னால் இரண்டு சுழி. இரண்டாயிரத்து இருநூறு பிக்கோ. மூடியிருந்த டப்பாவைத் திறந்தேன். அதே நீலக் காசுகள் நிறைய இருந்தன. திறந்து கிடந்த டப்பாவில் சாக்லேட் நிறத்தில் குண்டு குண்டாக இருந்தவற்றில் 224 என்று இருந்தது. 22 போட்டு நாலு சுழி.

துணிமேல் அவர் போட்ட இரண்டு வட்டம் என் கண்முன் வந்து நின்றது. அதற்குமேல் போடாமல் விரலை எடுத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

ஜெர்வினுக்குப் போன் போட்டு டப்பாவில் இருந்ததையெல்லாம் சொன்னேன். பெட்டி எங்கே என்று கேட்டேன். மூடி திருகி இருந்ததால் வேலை முடிந்தது என்று நினைத்து, அன்றைக்கே ராக்கப்பனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்றான். அவன் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டாயிரத்து இருநூறு பிக்கோ என்றால் இரண்டே கால் நானோகூட இல்லை. இரண்டு லட்சத்து இருபதாயிரம் பிக்கோ என்றால் இருநூற்றிருபது நானோ. நூறு மடங்கு. அவன் குரல் மாறிவிட்டது.

"அக்கா, அது கரண்டு வார கம்பிக்கும் பெட்டித் தகரத்துக்கும் நடுவுல நிக்கிற கண்டன்சர்" என்றான். "சின்னதா இருந்தா எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியாது. நூறு மடங்குன்னா புடிச்ச கை விடாது. மைக்குக் கம்பியும் அந்தத் தகரமும் ஒண்ணுதான். ஈரத் தரையில வெறுங்கால்ல நிக்கிறவங்க தொட்டா..."

முளைப்பாரி வைத்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சேறாக இருக்கும். கும்மி அடிக்கிறவர்கள் யாரும் செருப்புப் போடமாட்டார்கள். நடுவில் நின்று மைக்கைப் பிடிக்கப்போகிறவர் பெத்தம்மாள் மதினி. அந்த மைக் பிடிக்கும் கையைத்தான் என் கணவர் காலையில் விடாமல் பிடித்திருந்தார். நான்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டேன்.

ராக்கப்பனுக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. குழாய் ஸ்பீக்கர் சத்தத்தில் எவனுக்குப் போன் கேட்கும்? நான் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து இறங்க, ஜெர்வின் பைக்கோடு நின்றான். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். சேத்தூர் ரோட்டில் வண்டியை விரட்டினான்.

மதினிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று ஜெபித்துக்கொண்டே வந்தேன். அது சத்தியம். ஆனால் இன்னொன்றும் சத்தியம். அந்தச் சொல் எனக்கில்லை என்பது வழியெல்லாம் குத்திக்கொண்டே வந்தது. அவர் கேட்டது என் பிக்கோ இல்லை, அவருடைய பிக்கோ. நான் வார்டு முழுக்கப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு திரிந்தது ஒரு கண்டன்சருக்கு. ஊரார் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு மினுக்கியவள் நிலைமைதான் எனக்கு. ஒரு உயிர் போகுமோ என்று பதறுகிற நேரத்தில் இதற்கும் அழுகை வருகிறதே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சேத்தூரில் பொழுது சாயும் நேரம். கோயிலுக்கு முன்னால் முளைப்பாரிகளை வட்டமாக வைத்திருந்தார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் ஒருவர் குடத்து மஞ்சள் தண்ணீரை அவர்கள் காலில் ஊற்றிக்கொண்டு வந்தார். அரக்குச் சேலை கட்டிய பெத்தம்மாள் மதினி தண்ணீர் சொட்டும் காலோடு நடுவில் நின்றார். ராக்கப்பன் மைக்கை அவரிடம் நீட்டிக்கொண்டு வந்தான். அவன் காலில் தடித்த ரப்பர் செருப்பு இருந்தது.

கத்தினால் யார் காதிலும் விழாது. ஜெர்வின் வண்டியை நிறுத்துவதற்குள் இறங்கி ஓடினேன். ஆம்ப்ளிஃபயர் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சின்மேல் இருந்தது. பெட்டியைத் தொடாமல் வயரைப் பிடித்து ப்ளக்கை உருவினேன். அத்தனை சத்தமும் ஒரே அடியாக நின்றது. குலவை போட வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

விழாவை நடத்துகிற இருளப்பசாமி அண்ணாச்சி என்னிடம் வந்தார். பெரிய மனுஷர். கை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. "ஏம்மா, நீ வேதக்காரப் பிள்ள. எங்க ஆத்தா காரியத்துல வந்து கரண்டப் புடுங்குதியே, இது நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை. மைக்கைக் காட்டி, பிக்கோ என்றுதான் என் வாயிலும் முதலில் வந்தது.

பிறகு ஜெர்வின் வந்து விஷயத்தைச் சொன்னான். ராக்கப்பன் முகம் செத்துப்போயிற்று. செட் கட்டும்போது தகரத்தில் கை பட்டுச் சுளீர் என்று அடித்ததாகவும், ஈரத்தில் எல்லாப் பெட்டியிலும் வருகிறதுதானே என்று செருப்பை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்ததாகவும் ஒப்புக்கொண்டான். அண்ணாச்சி அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

பெத்தம்மாள் மதினி தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். "காலையில இந்தக் கையத்தான் புடிச்சாரு" என்றார் மெதுவாக. "விட மாட்டேன்னாரு. நான் சேலைக்குன்னு நெனச்சேனே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மதினி" என்றேன்.

ஜெர்வின் மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே நீலக் காசு இருக்க வேண்டிய இடத்தில் சாக்லேட் நிறத்தில் ஒரு குண்டு உட்கார்ந்திருந்தது. சின்னப்பிள்ளைகூட மாற்றி வைக்காது. வாழ்நாள் முழுக்க இந்த வேலையே பார்த்த கை, மாற்றி வைத்திருக்கிறது. அப்போதே அவருக்குள் ஏதோ அறுந்திருக்க வேண்டும். மூடிய பிறகு தகரத்தில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் வெளியே விடமாட்டார். அந்த மீட்டரை எடுக்க எழுந்தவர்தான் விழுந்தார். விழுகிற நேரத்தில் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்துவிட்டாரோ என்னவோ. யாரிடம் கேட்பது?

ஜெர்வின் அதன் இரண்டு காலையும் வெட்டி எடுத்துவிட்டான். அது இல்லாமலும் பெட்டி பாடும், கொஞ்சம் இரையும், அவ்வளவுதான் என்றான். அப்படியே இரைந்தது. அண்ணாச்சி முதலில் தானே வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு அதை மதினி கையில் கொடுத்தார். எங்களைக் கும்மி முடிகிறவரை இருக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் என் கணவர் தவித்துக்கொண்டு கிடப்பார் என்று சொல்லிவிட்டு அந்தக் கண்டன்சரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். ரோட்டுக்கு வரும்போது பின்னால் மதினியின் குரல் எழும்பியது. அந்தக் குரல் அறுபடாமல் வருகிறதா என்று கடைசி வீடு தாண்டும்வரை காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். இடது கையை எடுத்து, உள்ளங்கையில் அதை வைத்தேன்.

"எடுத்தாச்சு. மதினி நல்லா பாடிட்டு இருக்காவ" என்றேன்.

அவர் கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலை மடக்கி மூடிக்கொண்டார். வாய் ஒரு பக்கம்தான் கோணியது, ஆனால் அழுகை முழு அழுகை. நான் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் பிக்கோ என்று சொல்லவில்லை.

எதற்காக அந்தச் சொல் தங்கியிருந்ததோ அந்த வேலை முடிந்தது, சொல்லும் போய்விட்டது. வாய் அசையும், மூச்சு வரும், சத்தம் வராது. வீட்டுக்குக் கூட்டிவந்து, கண்பார்வையிலேயே இருக்கட்டும் என்று கடைக்குள் கட்டிலைப் போட்டேன். கிழிந்த திரைச்சீலையைத் திரும்பக் கட்டவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த அனுசியா என்ற பெண், முதலில் ஒரு சொல் இருந்ததாமே, அதையே சொல்லவையுங்கள், அதைப் பிடித்து மற்றச் சொற்களுக்குப் போகலாம் என்றாள். அதனால் தினமும் அவர் முன்னால் உட்கார்ந்து பிக்கோ சொல்லுங்க, பிக்கோ சொல்லுங்க என்று கெஞ்சவேண்டியதாயிற்று. எனக்கு இல்லாத சொல்லை நானே இரந்து நின்றேன். அவர் என்னையே பார்ப்பார். வாய் திறக்கமாட்டார்.

ஒரு நாள் மத்தியானம் மெஷினில் ஒரு சேலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அந்த ஓரம் மடிந்து மடிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததோ, மெஷினை நிறுத்திவிட்டேன்.

"நீங்க பிக்கோ பிக்கோன்னு சொன்னப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்று கேட்டேன். "எனக்குன்னு நெனச்சேன். ஒரு நாளும் சொல்லாத மனுசன், வாய் போற நேரத்துல என் வேலையச் சொல்லுதாருன்னு எம்புட்டு சந்தோசப்பட்டேன் தெரியுமா? கடைசியில அது உங்க கண்டன்சரு."

சொன்ன பிறகு, நோயாளியிடம் போய் இதைச் சொன்னேனே என்று சங்கடமாக இருந்தது. அவர் இடது கையை நீட்டினார். தண்ணீர் கேட்கிறாரோ என்று எழுந்தேன். அவர் காட்டியது என் மெஷின் பலகையில் கிடந்த தையல் சாக்பீஸை. எடுத்துக் கொடுத்தேன். மடியில் கிடந்த வெட்டுத்துணியின்மேல் ஒரு சுழி போட்டார். கோணல்மாணலாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. நான் இரண்டோடு நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. மூன்றாவது, நாலாவது என்று போட்டுக்கொண்டே போனார். கை வலித்தால் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போட்டார். துணியின் ஓரம் முட்டுகிறவரை சுழிதான்.

எம்புட்டு என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்கிறார் என்று புரிந்தது. புரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷத்து ஆற்றாமை அது.

"முன்னால ஒரு நம்பர் இல்லாம வெறுஞ் சுழியாப் போட்டா அதுக்கு என்ன மதிப்பு? அம்புட்டும் சுழிதான்" என்றேன்.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். என் வலது கையைப் பிடித்து இழுத்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, துணிமேல் முதல் சுழிக்கு முன்னால் நேராக வைத்தார். அது நகர்ந்துவிடாதபடி தன் கையால் மேலே அழுத்திக்கொண்டார்.

நான் விரலை எடுக்கவில்லை. வாசலில் யாரோ சேலையோடு வந்து நின்று பிக்கோ அடிக்கணும் என்று கூப்பிட்டார்கள். செத்த நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.